சூரியன் எங்கே போச்சு?

இருட்டியதும் 'சூரியன் எங்கே போச்சு?' என்று ஐந்து வயது மகள் நச்சரிக்கிறாள். 'தூங்கப் போயிடுச்சு' என்று சமாளித்துவிடலாமா?
(ஒரு வாசகி, சென்னீர்குப்பம்)

சூரியன் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, போனது சென்னீர்குப்பம்! பூமியோடு சேர்ந்து மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழன்று, வெளிச்சம் படாத பக்கத்துக்கு வந்துவிட்டது. ஐந்து வயதுக்கு இதைப் புரியவைக்க ஒரு சாத்துக்குடியும் டார்ச்சும் போதும். பழத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினால் அது சென்னீர்குப்பம். அறை விளக்கை அணைத்து, டார்ச்சை அசைக்காமல் பழத்தை மட்டும் மெல்லச் சுற்ற வேண்டும். பொட்டு இருளுக்குள் போகும். மறுபக்கம் அமெரிக்காவுக்கு விடியும். இரவு 9 மணிக்கு நியூயார்க் சித்தி வீடியோ காலில் வந்தால், அங்கே ஜன்னலில் வெயில் அடிப்பதைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும். தூங்கும் சூரியன் கதைக்கு அழகு. கேள்விக்குப் பதில் அல்ல.

மார்கழியில் பள்ளி வேனுக்கு எழுப்பினால், 'இன்னும் ராத்திரிதான்' என்கிறாளே?

தையில் இன்னும் பலமாக வாதாடுவாள். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் வருகிறது. ஆனால் சென்னைப் பகுதியில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி மூன்றாம் வாரத்தில், 6.35 மணியளவில். ஜூனில் 5.45-க்கே உதித்துவிடும். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நார்வேயின் டிரோம்சோவிலோ குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டாது. வாரம் ஒருநாள், காலை 8 மணிக்கு, வாசல் கம்பத்தின் நிழலைச் சாக்பீஸால் குறிக்கச் சொன்னால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கும். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும்.