ஒரு பேருக்கு எத்தனை கொத்து? பூண்டுலோயா இணையரின் கொழும்புச் சாப்பாட்டுப் பயணம் குறித்த ஓர் ஆய்வு

பூண்டுலோயாவுக்கு ஆய்வு மரபு கிடையாது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்ற பூச்சியியலாளர் இங்கே ஈட்டன் தோட்டத்தில் இருந்துகொண்டு, செடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளை ஆராய்ந்தார். இலங்கைச் செதில் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் சரியாகத் தெரியாத ஒரு பூச்சிக்கு இருபத்தாறு வருடம் ஆகலாம் என்றால், நூறு யார் தூரத்திலிருந்தே தெரியக்கூடிய ஒரு புருஷனும் பெண்சாதியும் கொழும்புக்குப் போய் இரண்டு நாள் சாப்பிட்டதற்கு நாலு பக்கம் ஆவதில் தவறில்லை.

ஆய்வாளர்களின் கல்வித் தகுதியை முதலில் சொல்லிவிடுவது முறை. இக்கட்டுரையாளர் ஹரோவில் பிறந்தவர். இணை ஆய்வாளரான என் மனைவி ஈட்டனில் பிறந்து, ஈட்டனிலேயே கொழுந்தெடுக்கக் கற்றவர். இங்கிலாந்தில் பிரதமர்களை உற்பத்தி செய்த இரண்டு பள்ளிக்கூடங்களின் பெயர்கள் அவை; எங்களூரில் தோட்டங்களின் பெயர்கள். பக்கத்திலேயே டன்சினன் இருக்கிறது. நாடகத்தில் மெக்பெத் தன் கடைசிப் போரில் தோற்ற குன்றின் பெயர் அது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அதன் மேல் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த விஷயத்தை யாரும் சொன்னதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். வார இறுதிச் சாப்பாட்டுப் பயணம் என்று நகரத்தார் சொல்கிறார்களே, அந்தத் தொடரில் முதலில் ஆராய வேண்டியது வார இறுதி. கொழும்பில் அது இரண்டு நாள். தோட்டத்தில் சனிக்கிழமையும் பெரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது, உண்டு. ஆகவே எங்கள் வாரத்துக்கு இறுதி ஒரே நாள்தான், அதிலும் பாதி துணி துவைப்பதற்குப் போய்விடும். ஒரு நாளில் கொழும்புக்குப் போய் வரலாம். சாப்பிட நேரம் இருக்காது. எனவே ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி, பௌர்ணமி விடுமுறையான போயா ஒன்று விழ வேண்டும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவைப் பார்த்துப் போயா நாட்களையே வார விடுமுறையாக வைத்திருந்தார்கள் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். அந்தக் காலத்து இணையர்கள் எப்படித் திட்டமிட்டார்கள் என்று பெரியவர்களைக் கேட்டேன். "திட்டமா? கொழும்புக்கா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

2025இல் செப்டெம்பர் போயா 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்து வீணாய்ப் போனது. ஒக்டோபர் 6, வப் போயா, திங்கட்கிழமை. கலண்டரில் இதைக் கண்டுபிடித்தவர் இணை ஆய்வாளர். தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கையிலுள்ள காசைத் தின்று தீர்ப்பதா என்ற எதிர்வாதத்தை எழுப்பியவரும் அவரே. இரண்டு பக்கமும் அவரே பேசி, போவதென்று அவரே தீர்த்தார்.

அளவு முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரூபாயில் கணக்குப் போட்டால் இந்த ஆய்வு ஆறு மாதத்தில் பழசாகிவிடும். அதனால் தோட்டத்தில் வழங்கும் 'பேர்' என்ற அலகைக் கைக்கொண்டோம். ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். பேர் என்பது ஆளையும் குறிக்கும், அந்த ஆளின் ஒரு நாளையும் குறிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று எவர் முடிவு செய்தாரோ, அவர் நல்ல சிக்கனக்காரர். 2021இல் ஒரு பேர் 1,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் 1,350. எங்கள் பயணத்தின்போதும் அதுவே. கிராமுக்கும் மீட்டருக்கும் உள்ள நிலைபேறு பேருக்கு இல்லை என்று அறிவியலாளர் ஆட்சேபிக்கலாம். கிராமை உயர்த்தச் சொல்லி எவரும் வேலைநிறுத்தம் செய்ததில்லை என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

பழந்தமிழ் இலக்கண நெறிப்படி இந்தப் பயணம் குறிஞ்சியில் தொடங்கி நெய்தலில் முடிவது. திணைக்குரிய கருப்பொருள்களில் உணவும் ஒன்று. குறிஞ்சிக்குத் தினை, மூங்கிலரிசி, நெய்தலுக்கு மீன். இங்கேதான் முதல் சிக்கல். எங்கள் குறிஞ்சியின் உணவு கோதுமை மா ரொட்டி. கோதுமை இந்தத் தீவில் விளைவதில்லை. கப்பலில் வந்து, திருகோணமலைத் துறைமுகத்து ஆலையில் அரைபட்டு, லொறியில் மலையேறி வருகிறது. ஆக எங்கள் குறிஞ்சியின் உணவு நெய்தலில் இறங்குகிறது. அதைப் பிறப்பிடத்துக்கே திருப்பிக் கொண்டுபோவது போல, இணை ஆய்வாளர் சனிக்கிழமை மாலை மலையிலிருந்து இறங்கிய கையோடு இருபது ரொட்டி சுட்டு, அம்மியில் கட்டச் சம்பல் அரைத்து, வாழையிலையில் கட்டினார்.

"சாப்பிடத்தானே போறோம், இது எதுக்கு?" என்றேன்.

"போற வழியில பசிக்குமில்லீங்க" என்றார்.

இரவு அஞ்சல் ரயிலைத் தலவாக்கலையில் பிடித்தோம். ரயில் பாதை ஹட்டனுக்கு வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். தலவாக்கலை இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், எங்கள் ஸ்டேசனின் வயதை ஊகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. கொட்டகலை வருமுன் பொட்டலம் பிரிந்தது. கொழும்பு உணவுப் பயணத்தின் முதல் உணவு பூண்டுலோயா ரொட்டி என்று குறித்துக்கொண்டேன்.

விடியற்காலையில் கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனையில் மனைவியின் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனோம். ஆய்வுத் திட்டத்தில் இந்த வீடு தங்குமிடம் மட்டுமே. ஆனால் மலைநாட்டு உறவு முறையில் தங்குமிடம் மட்டும் என்ற வகை கிடையாது. "கொழும்புக்கு வந்துட்டுக் கடையில தின்னுட்டுப் போனாங்கன்னு தோட்டத்துல தெரிஞ்சா என்னைய என்னா பேசுவாங்க?" என்று அந்த அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். சோறு, கோழிக் குழம்பு, பருப்பு, கீரை, அப்பளம். காலை எட்டு மணிக்கு. ஆய்வாளர்களின் வயிறு களத்துக்குப் போகுமுன்பே நிரப்பப்பட்டது. ஆய்வைக் கெடுப்பதில் அன்புக்கு இணையான காரணி வேறு எதையும் நான் கண்டதில்லை.

இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அதே வீட்டில் நிகழ்ந்தது. மிச்ச ரொட்டிப் பொட்டலம் அந்த அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. "அம்மியில அரைச்சதா?" என்று சம்பலை முகர்ந்து பார்த்தார். பதினேழு வருடம் கொழும்பில் இருக்கிறவர், கீழே உட்கார்ந்து ஐந்து ரொட்டி சாப்பிட்டார். பிள்ளைகள் இரண்டிரண்டு. மாடி வீட்டில் ஒரு பொகவந்தலாவைக் குடும்பம் இருந்தது. அவர்களுக்கும் வாசம் போயிருக்க வேண்டும். கொழும்பில் அன்றைக்கு அதிகம் தேடப்பட்ட உணவு நாங்கள் கட்டிக்கொண்டு போனதுதான் என்பதை, போதிய மாதிரி எண்ணிக்கை இல்லாவிட்டாலும், துணிந்து சொல்கிறேன்.

மத்தியானம் வெள்ளவத்தை. யாழ்ப்பாணத்துச் சமையலைச் சுவைப்பது நோக்கம். மனைவியின் தம்பி ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். இடியப்பமும் சொதியும் நண்டுக் குழம்பும் வந்தன. நன்றாக இருந்தன, இதற்கு மேல் வர்ணித்தால் கடைக்காரர் விளம்பரம் என்று சொல்வார்கள். "யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவம் தனிதான்" என்று நான் சொன்னபோது மச்சான் சிரித்தான். "உள்ள வந்து பாருங்க மச்சான்" என்றான். இடியப்பம் பிழிகிறவர் மஸ்கெலியா. நண்டுக் குழம்பு வைத்தவர் டயகம. பாத்திரம் கழுவுகிற பையன் பூண்டுலோயா, சீன் தோட்டம். அவனுடைய அப்பாவை எனக்குத் தெரியும். தேடிப் போன கைப்பக்குவம் எங்களுக்கு முந்திய பஸ்ஸில் வந்து சேர்ந்திருக்கிறது.

பின்னேரம் காலி முகத்திடல். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859இல் முடித்து வைத்த நடைபாதை. கொழும்பின் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்குவதற்காக இதைப் பேணி வருமாறு தனக்குப் பின்னால் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். இணை ஆய்வாளரிடம் இதை விளக்கினேன். "கொழும்புப் பொம்பளைங்கன்னு மட்டும்தான் போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டு, காற்றைக் கொஞ்சம் தயக்கத்தோடு வாங்கினார். அங்கே இறால் வடை தின்றோம். பருப்பு வடையின் முதுகில் ஓட்டோடும் மீசையோடும் இறால் ஒட்டிக்கொண்டிருக்கும். கிரீன் துரை கண்டிருந்தால் ஆறாம் பாகம் எழுதியிருப்பார். அவர் ஆராய்ந்த பூச்சிகளில் பலவற்றில் பெண் பூச்சி ஒரு தடவை வாயைப் பதித்தால் பிறகு அந்த இடத்தை விட்டு நகராது. வடை வண்டிக்குப் பக்கத்தில் இணை ஆய்வாளரிடமும் ஏறத்தாழ அதே நடத்தையைக் கண்டேன். நாலு வடை.

இரவு புதுக்கடை. அங்கே வரிசையாகக் கொத்துக் கடைகள். கொத்து ரொட்டி கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் பிறந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை, சத்தத்தில் எந்த வாதமும் காதில் விழாது. கடைப் பையன் ஓடிவந்து, "எத்தனை பேர்?" என்றான்.

"வெலையச் சொல்லுங்க தம்பி, அப்புறம் எத்தனை பேருன்னு சொல்றேன்" என்றார் மனைவி.

பையனுக்கு விளங்கவில்லை. விலைப் பலகையைப் பார்த்து அவரே கணக்குப் போட்டார். ஒரு கோழிக் கொத்து, ஒரு பேருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கொத்து என்றால் ஒன்றேமுக்கால் பேர். அதாவது ஈட்டன் மலையில் அட்டைக்கடியோடு ஏறத்தாழ இரண்டு நாள். "ஒண்ணு வாங்கிப் பிரிச்சுக்குவோங்க" என்றார். பிரித்துக்கொண்டோம். ரொட்டியைச் சுட்டு, அதைத் துண்டு துண்டாக வெட்டி, அதற்குக் கூலி வாங்குகிறார்கள் என்பது அவருடைய கண்டடைவு. ரொட்டியை வெட்டாமல் தின்கிற சமூகத்திலிருந்து வந்தவருக்கு இப்படித் தோன்றியதில் வியப்பில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பில் வந்தபோது அது தவறாமல் நிகழ்ந்தது.

திங்கட்கிழமை போயா. இறைச்சிக் கடைகளும் சாராயக் கடைகளும் மூடியிருந்தன. நாட்டில் எங்களுக்கு ஓய்வு கிடைக்கிற நாளும் இறைச்சி கிடைக்காத நாளும் ஒன்றாக இருப்பது தற்செயலா என்பதைப் பிறகு ஆராயலாம். திரும்பும் வழியில் பஸ்ஸின் ஜன்னலால் பஸ்யாலையில் கஜு விற்கும் பெண்களைப் பார்த்தோம். வரக்காப்பொலையில் ஒரு பொட்டலம் தலகுலி என்ற எள்ளுருண்டை வாங்கினோம். பூண்டுலோயாவில் கேட்கிறவர்களுக்கு ஒவ்வோர் உருண்டை கொடுத்தாக வேண்டும். சாப்பாட்டுச் செலவு மொத்தம் நாலேகால் பேர். பயணச் செலவைச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாமென்று இணை ஆய்வாளர் சொல்லிவிட்டார்.

காலவரிசைப்படி பஸ் ஏறுவதற்கு முன் வர வேண்டிய ஒரு சம்பவத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். புறக்கோட்டையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஆளுக்கொரு பிளேன்டி குடித்தோம். கோப்பை அறுபது ரூபாய். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி வெகுநேரம் பேசவில்லை. தேத்தண்ணி சரியில்லையோ என்று கேட்டேன்.

"இதுல எவ்வளவு தூள் போட்டிருப்பாங்க?"

"ரெண்டு கிராம்."

"ரெண்டு கிராம் தூளுக்கு எவ்வளவு கொழுந்து?"

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு கோப்பைக்கு ஒன்பது கிராம். ஒரு பேருக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், அது இரண்டாயிரம் கோப்பை. 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. எங்கள் கொழுந்தும் தூளாகி அங்கேதான் போகிறது. நாங்கள் கொழும்பைப் பார்த்தது அவருடைய கொழுந்து பார்த்ததற்கு எத்தனையோ வருடம் பிந்தி.

அடுத்த கணக்கை அவரே போட்டார். கோப்பை அறுபது ரூபாயானால், ஒரு பேருக்கு இந்தக் கடையில் எத்தனை கோப்பை குடிக்கலாம்? இருபத்திரண்டரை.

"நான் ஒரு நாளைக்கு எடுக்கிறது ரெண்டாயிரம். எனக்குக் கெடைக்கிறது இருபத்திரண்டரை. அரைக் கோப்பைய விட்டுத்தள்ளுங்க. மிச்சம் எங்கங்க போச்சு?"

சீனி, பால்மாக்காரர், லொறிக்காரர், ஸ்டோர், ஏலக்காரர், கடைக்காரர், விறகு, வரி என்று சொல்லிப் பார்த்தேன். "பிளேன்டியில ஏதுங்க பால்மா?" என்று ஒரு வரியை அங்கேயே வெட்டினார். மற்றவற்றை ஒவ்வொன்றாக விசாரிப்பதற்குள் கண்டி பஸ் கிளம்பிவிட்டது.

காணாமற்போன கோப்பைகள், அரைக் கோப்பையையும் சேர்த்து, 1,977½. இவற்றைத் தேடும் களப்பணியை அடுத்த போயாவுக்கு வைத்துக்கொண்டோம். அது நவம்பர் 5ஆம் திகதி, புதன்கிழமை. அதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் பெரட்டு உண்டு.