ஆத்தா, கொஞ்சம் நிமிர்ந்து பாரு

நூறு நாள் வேலையில் வருகையைப் பதிய ஒன்றிய அரசு ஒரு செயலியைக் கொண்டுவந்தது. பெயர் என்.எம்.எம்.எஸ். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர எல்லாப் பணித்தளங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். எடுத்த நேரம், நின்ற இடம் எல்லாம் படத்தோடு பதிந்துவிடும்.

நேர்த்திக்கு என்ன குறை! கட்டங்கட்டமாக டேட்டாபேஸ், டெல்லியிலிருந்தே எட்டிப் பார்க்க டேஷ்போர்டு. வேலை நடக்கும் கண்மாய்க்குள் டவர் எடுக்குமா என்பதை மட்டும் செயலியை எழுதிய மகராசன்கள் யாரிடமும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். செயலி ஓடுவது பெரும்பாலும் பணித்தளப் பொறுப்பாளர் தன் காசில் வாங்கிய போனில். டவர் இல்லையென்றால் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் கூலி இல்லை. வெட்டிய குழி கண்ணெதிரே வாயைப் பிளந்து கிடக்கும். சர்வரைக் கேட்டால் அன்றைக்கு ஒருத்தரும் வேலைக்கே வரவில்லை!

இத்தனைக்கும் இந்தக் கூலி வெட்டிய மண்ணை அளந்து தருவது. விடியலில் இறங்கி, அளந்துவிட்ட குழியை மதியத்துக்குள் முடித்த கிழவிக்கு வீட்டில் ஆடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. இருந்தென்ன? இரண்டாவது படத்துக்கு முகம் காட்டக் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும். கல்யாண வீட்டு போட்டோகிராபர்கூட, சாப்பிட்டுவிட்டு வாங்க என்பார்.

2023 பிப்ரவரியில் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்து, இந்தச் செயலியை எடுங்கள் என்றார்கள். கம்பெனிகளில் இதற்கு யூசர் ஃபீட்பேக் என்று பெயர். அழுக்குச் சேலையில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை போலும்.

சரி, பொய் வருகைத் திருட்டையாவது செயலி பிடித்ததா? 2025 ஜூலையில் அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். சம்பந்தமில்லாத படங்கள் ஏறியிருக்கின்றன. போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றியிருக்கிறார்கள். ஆள் கணக்கு உதைக்கிறது, ஆண் பெண் கணக்கும் உதைக்கிறது. ஏமாற்றியவன் பழைய போட்டோ ஒன்றில் வேலையை முடித்துக்கொண்டான். உழைத்தவள் டவர் தேடி மேடேறினாள்.

பரிகாரமும் அதே கடிதத்தில் இருக்கிறது. ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆட்களே பார்த்துச் சரிபார்க்க வேண்டுமாம். ஆளைப் பார்த்துக் கையால் எழுத மஸ்டர் ரோல் அங்கே முன்பே இருந்தது ஐயா. அதைப் பிடுங்கிக்கொண்டு போனவர்களே, டவர் இல்லாத நாட்களில் போன கூலியை யார் தருவது? அதை முதலில் சொல்லுங்கள்.