காலிமனைக் களைகளின் சட்ட நிலை: ஓர் ஆய்வு

களை மழையால் வளர்கிறது என்பது தாவரவியலார் கொள்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. தமிழக நகரங்களின் காலிமனையில் களையின் உயரம், மனைக்கும் அதன் உரிமையாளருக்கும் உள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதே நம் துணிபு. உரிமையாளர் அடுத்த தெருக்காரர் என்றால் நெருஞ்சி கணுக்காலைத் தாண்டாது. வெளியூர்க்காரர் என்றால் எருக்கு இடுப்பளவு. நியூ ஜெர்சிவாசி என்றால் சீமைக் கருவேலம் பக்கத்து வீட்டு மொட்டைமாடியை எட்டிப் பார்க்கும்.

குடியேற்ற வரலாறு

கல் நட்டு வெள்ளையடித்த பின் வரும் முதல் ஐப்பசி மழையில் கோரையும் குப்பைமேனியும் குடிபுகுகின்றன. நாயுருவி, ஊமத்தை, ஆமணக்கு பின்தொடர்கின்றன. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1950களில் புனேயில் கண்ணில்பட்டு, யாரையும் கேட்காமல் நாடு முழுக்கப் பரவியது. சீமைக் கருவேலமோ வெள்ளைக்காரர் ஆட்சியில் முறைப்படி வரவழைக்கப்பட்டது. மனிதப் பங்களிப்பும் உண்டு: எதிர்வீட்டு மிச்ச ஜல்லி, கால் போன பிளாஸ்டிக் நாற்காலி, ஆயுத பூஜையில் உடைத்த பூசணி. இவற்றைப் போட்டவர்களே கொசுத்தொல்லை மனுவில் முதல் கையெழுத்து இடுகிறார்கள் என்பது கவனத்துக்குரியது.

சட்டமும் தபாலும்

1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தெளிவானது. சுகாதாரக் கேடு இருந்தால் உரிமையாளருக்கு நோட்டீஸ். அவர் அசையாவிட்டால் உள்ளாட்சியே அகற்றிச் செலவை அவரிடம் வசூலிக்கலாம். குறை சட்டத்தில் இல்லை, முகவரியில் இருக்கிறது. தபால் ‘வீடு பூட்டியுள்ளது’ என்று திரும்பும். நோட்டீஸை மனையிலேயே ஒட்டுவார்கள். ஒட்டச் சுவர் கிடையாது. கருவேல மரத்தில்தான் ஒட்டியாக வேண்டும். மைதாப் பசை காய்வதற்குள் மாடு வந்து தின்றுவிடும். கோப்பிலோ ‘சார்பு செய்யப்பட்டது’ என்று ஏறியிருக்கும்.

உயர்நீதிமன்றமும் முயன்றது. 2017இல் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் ஜேசிபிகள் இறங்கின. அதே ஆண்டில் சென்னையில் தடை விதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வெட்டுப்பட்ட மரங்கள் அடுத்த மழைக்குத் துளிர்த்து, வழக்கு நிலுவையில் இருப்பதை உணர்த்தின.

முடிவுரை

1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக, பகிரங்கமாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் அனுபவித்தவர் அனுபவ பாத்தியதை கோரலாம். கருவேலத்தின் அனுபவம் பகிரங்கமானது, இடைவிடாதது. உள்ளே வரும் எவரையும் முள்ளால் எதிர்ப்பதால் எதிரிடையானதும்கூட. ஆகவே பட்டாவை அதன் பெயருக்கே மாற்றுமாறு பரிந்துரைக்கிறோம். அதற்கு மனு எழுதத் தெரியாது என்பது தடையாகாது. பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தரத் தயார். மூலையில் கார் நிறுத்த இடம் விட்டால் போதுமாம்.