எம்.கே.பி. நகரில் சலவைத்தூள் தேர்வு: நுரைக் கோட்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை: வாஷிங் மெஷினுக்கு எந்தப் பவுடர் போடுவது என்ற கேள்வியைத் தமிழறிஞர் எவரும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் "மேலும் ஆய்வுக்குரியது" என்று எழுதி எழுந்துபோயிருப்பர்.

ஆய்வு எல்லை: வடக்கே கொடுங்கையூர், தெற்கே வியாசர்பாடி, மேலே சின்டெக்ஸ், கீழே போர்.

கால ஆராய்ச்சி: சர்ஃப் இந்தியாவுக்கு வந்தது 1959. நிர்மா பிறந்தது 1969. இடைப்பட்ட பத்தாண்டு பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அது இருண்ட காலம். 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்து நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. அதற்குமுன் அதன் கரித்தூசியால் ராயபுரத்துக் கொடியில் வெள்ளை வேட்டி பட்ட பாடு தனி முனைவர் பட்டத்துக்குரியது.

வகைப்பாடு:

அ. சோப்புக் கட்டி: மெஷினுக்கு ஆகாது.

ஆ. லிக்விட்: நன்றாகக் கரையும். விலையும் கையைக் கடிக்கும்.

இ. பவுடர்: இங்கேதான் நுரைச் சிக்கல் எழுகிறது.

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பது தொல்மரபு (மாமியார், வாய்மொழி). பவுடரின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெய்ப் பிசுக்கையும் மறுமுனையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. அழுக்கு கழல்வது அதனால்தான், நுரையால் அன்று. ஃப்ரண்ட் லோடில் தண்ணீர் குறைவு. துணி மேலேறி விழுந்து அடிபட்டே வெளுக்கிறது. நுரை மெத்தைபோல் நிறைந்தால் அடி விழாது. அதற்கென்று விற்கும் நுரை குறைந்த பவுடரே பொருந்தும். டாப் லோடு சற்றே பொறுத்துக்கொள்ளும். இதை மறுப்போரும் உளர் (மூன்றாம் மாடி அக்கா, கொடிக்கயிற்றுத் தகராறு, திருத்திய பதிப்பு, மாமியாரின் அணிந்துரையுடன்).

அளவு குறித்த மூலபாடம் பாக்கெட்டின் பின்பக்கம் உள்ளது. கத்தரி பட்ட இடத்தில் பாடம் சிதைந்து, "ஒரு ஸ்கூப்" மட்டும் எஞ்சியது. ஸ்கூப் யாது? பாக்கெட்டுக்குள் கிடப்பது என்பார் ஒரு சாரார். காபிக் கரண்டி என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தாது, கைப்பிடியே என்பது மாமியார் உரை. மூலத்தைக் காணாமலே மூவரும் உரை செய்திருப்பது நம் ஆய்வு மரபுக்கு முற்றிலும் உகந்ததே.

நீரியல்: போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. போட்ட பவுடரில் ஒரு பங்கு அவற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகிறது. காய்ந்த கறுப்புப் பேண்டின் மடிப்பில் வெள்ளைக் கோடு. மெஷின் டிராயரின் மூலையில், விரலால் சுரண்டினாலும் வராத பவுடர்க் கட்டி. தண்ணீர் உப்பானால் பவுடர் கூடுதலாகத்தான் வேண்டும். ஆனால் அலச நீர் போதாதெனில் கூட்டியதெல்லாம் துணியிலேயே தங்கும். மெட்ரோ வாட்டர் நல்லதாக வரும் நாளில் அதே துணிக்குக் குறைந்த பவுடர் போதும்.

முடிவுரை: பவுடரை மாற்றுமுன் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. "தண்ணி உப்புங்க, பவுடர் இன்னா பண்ணும்?" என்று தெருமுனை இஸ்திரிக்கார அண்ணன் முன்பே சொல்லியிருக்கிறார். அவருக்குப் பட்டம் ஏதும் இல்லாமையால், வழக்கப்படி, முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோம்.