ஒரு நியாயத்துக்கு எத்தனை மணி நேரம்?

தேசிய மருத்துவ ஆணையம் 2023 டிசம்பரில் முதுநிலை மருத்துவக் கல்விக்குப் புது விதிகளை வெளியிட்டது. பிஜி மாணவர்கள் 'நியாயமான' நேரம் வேலை செய்வார்கள், அவர்களுக்கு 'நியாயமான' நேரம் ஓய்வு தரப்படும் என்று அதில் ஓர் ஏற்பாடு. நியாயம் என்பது எத்தனை மணி நேரம் என்று மட்டும் எழுதவில்லை. ரேஷன் சர்க்கரைக்கு எடைக்கல் உண்டு, ஆட்டோவுக்கு மீட்டர் உண்டு (ஓடுகிறதா என்று கேட்காதீர்கள்). நியாயத்துக்கு அளவுகோல் இல்லை.

என் அண்ணன் மகள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பிஜி இரண்டாம் ஆண்டு. ஊரையும் துறையையும் சொல்ல மாட்டேன். தீசிஸில் கையெழுத்து வாங்க வேண்டிய பெண். அவளிடமே கேட்டேன், உங்கள் யூனிட்டில் ஒரு நியாயம் எவ்வளவும்மா என்று. "அட்மிஷன் டே அன்னிக்கு காலைல ஏழரைக்கு உள்ள போனா மறுநாள் சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய வருவேன் சித்தப்பா. அதை நாங்க ஒரு டியூட்டின்னு சொல்லுவோம்" என்றாள். முப்பத்து நான்கு மணி நேரம். போன தீபாவளிக்கு டியூட்டி முடிந்து நேராக வந்தவள், தட்டில் வைத்த இட்லியைப் பிட்ட கையோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். வெள்ளைக் கோட்டை அண்ணிதான் கழற்றினாள். பையில் நாலு பேனா, பொடிந்துபோன பிஸ்கெட் பாக்கெட் ஒன்று. அந்த பிஸ்கெட்தான் முந்தின நாள் இரவுச் சாப்பாடாம்.

தூக்கம் கெட்டால் மூளை என்ன ஆகும் என்று 1997-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இருபத்து நான்கு மணி நேரமானால் அது ஏறக்குறைய 0.1. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த வரம்பு 0.03 சதவீதம்தான். ராத்திரி செக்போஸ்ட்டில் "ஊது" என்று கருவியை நீட்டும் காவலரை ஒருநாள் பிரசவ வார்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம். தூக்கமின்மையை அளக்க அந்தக் கருவியால் முடியுமென்றால், விடிகாலை நாலு மணிக்குக் கத்தியைக் கையில் பிடித்திருக்கும் அத்தனை பேர்மீதும் வழக்குப் போட வேண்டியிருக்கும். பஸ் டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. நம்மை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இறக்குகிறவர் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும். அங்கே நம் வயிற்றைத் திறக்கிறவருக்கு அந்த அவசியம் இல்லை.

சட்டமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1992 ஜூன் 5 அன்று மத்திய அரசு ஓர் ஆணை போட்டது: உறைவிட மருத்துவர் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் 'சாதாரணமாக' வேலை செய்யலாகாது. அந்த 'சாதாரணமாக' என்ற ஒற்றைச் சொல்லின் முதுகில் முப்பது வருடத்துக்கு மேல் சவாரி நடக்கிறது. அரசு மருத்துவமனையில் சாதாரணமான நாள் என்று ஒன்று வந்தால்தானே ஆணை அமலுக்கு வரும்! அது வெளிவந்த அன்று பிறந்த குழந்தை எம்.பி.பி.எஸ் சேர்ந்து, பிஜி முடித்து, இப்போது எங்காவது உதவிப் பேராசிரியராக நின்று, "நாங்கெல்லாம் எவ்வளவு பார்த்தோம் தெரியுமா?" என்று ஜூனியரை விரட்டிக்கொண்டிருக்கும். மாமியார் பட்ட பாட்டை மருமகள் படாவிட்டால் குடும்ப கௌரவம் என்னாவது?

இந்த முறை எங்கே பிறந்தது என்று கேட்டால் அமெரிக்காவைக் காட்டுவார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே வசித்து ஓயாமல் உழைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அறுவை சிகிச்சையில் நிலைநாட்டியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மேதை, சந்தேகமில்லை. 1884-இல் மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கோக்கெய்னைத் தம் உடம்பிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர், பிறகு மார்ஃபினுக்கும் அடிமையானவர் என்பது வரலாறு. அவருக்காவது கோக்கெய்ன் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இருப்பது கேன்டீன் டீ.

மாணவர்களின் மனநலம் பற்றி ஆணையத்துக்கு அக்கறை இல்லை என்று சொன்னால் பாவம் வரும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பத்து நாள் யோகப் பயிற்சி என்று 2022-இல் பரிந்துரைத்தார்கள். அண்ணன் மகளுக்கு அதில் கைவரக்கூடியது சவாசனம் ஒன்றுதான், அதையும் ஆபரேஷன் தியேட்டரில் ரிட்ராக்டரைப் பிடித்தபடி நின்றுகொண்டே செய்வாள். 2024-இல் ஆணையத்தின் பணிக்குழு ஒன்று நாடு முழுக்கக் கேட்டறிந்து அறிக்கை கொடுத்தது. பதிலளித்த பிஜி மாணவர்களில் 31.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். வார விடுமுறையே கிடைப்பதில்லை என்றவர்கள் பாதிக்கும் மேல். இதற்குக் குழு எழுதிய மருந்து: வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், அதில் 24 மணி நேரப் பணி ஒன்று இருக்கலாம், தினமும் 7 முதல் 8 மணி நேரம் தூங்க வேண்டும். அந்த 24 மணி நேரப் பணி நாளில் தூக்கத்தை எந்த மணியில் செருகுவது என்பது மாணவரின் திறமையைப் பொறுத்தது. 1992-இல் 48 ஆக இருந்த எண் 2024-இல் 74 ஆகிவிட்டது, அதற்கு நலப் பரிந்துரை என்று பெயர். அந்த 74 கூட விதியில் ஏறவில்லை. விதியில் இன்னும் நியாயம்தான் இருக்கிறது.

உலக மருத்துவச் சங்கம் 2017-இல் ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தி, மருத்துவர் தன் சொந்த உடல்நலத்தையும் பேண வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தது. நம் ஊர் மாணவர் அந்த உறுதிமொழியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆப்சென்ட் போட வேண்டும். பிறகு யூனிட்டில் யார் காப்பாற்றுவார்கள்?

நர்சிங் மாணவிகளைப் பற்றி எந்தக் குழுவும் தலையை உடைத்துக்கொள்வதில்லை. வார்டில் ஆள் பற்றாக்குறை என்றால் அன்றைய பாடத்துக்குப் பெயர் கிளினிக்கல் போஸ்டிங். பல கல்லூரிகளில் காலையில் வார்டு, மதியம் வகுப்பு, சாயங்காலம் விடுதிக் கதவுக்குப் பூட்டு. அறுபது படுக்கைக்கு டெம்பரேச்சர் பார்த்த பெண்ணுக்கே காய்ச்சல் வந்தால், மருத்துவமனைக்குள் நின்றுகொண்டே மருத்துவரைப் பார்க்க வார்டனிடம் சீட்டு வாங்க வேண்டும். நடிக்கிறாளோ என்ற சந்தேகம் இலவசம்.

ஆணையம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அளித்த கணக்கு இது: ஐந்தாண்டுகளில் 122 மருத்துவ மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள், எம்.பி.பி.எஸ் 64, பிஜி 58. படிப்பை விட்டுப் போனவர்கள் 1,270 பேர், அதில் 1,117 பேர் பிஜி. போவதும் சும்மா இல்லை. பல மாநிலங்களில் சீட்டை விட்டால் லட்சக்கணக்கில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த பாண்டைக் கைவிடுங்கள் என்று ஆணையமே 2024 ஜனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கந்துவட்டிக்காரனாவது வீட்டுப் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்வான். 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள், நல்லது, அவசியமும்கூட. அதைக் கூப்பிட்டுப் பேசப் பத்து நிமிடம் ஓய்வு எந்த ரோஸ்டரில் இருக்கிறது?

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், 36 மணி நேரப் பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் கண்ணயர்ந்த பயிற்சி மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. கேமரா, காவலர், அடையாள அட்டை என்றெல்லாம் பேசினோம். பெண்களுக்கு முடிந்தவரை இரவுப் பணி வேண்டாம் என்றது மாநில அரசு. உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு திரும்பப் பெற்றது. 36 மணி நேரப் பணி மனிதத்தன்மையற்றது என்றும் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. ஓய்வறை இல்லாமல் ஒருவர் கருத்தரங்க அறையில் படுக்க வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்வி மட்டும் கேமரா வெளிச்சத்தில் மங்கிவிட்டது. அதே மாதம் இந்திய மருத்துவச் சங்கம் எடுத்த கணிப்பில், இரவுப் பணியில் ஓய்வறை இல்லை என்றவர்கள் 45 சதவீதம்.

இவ்வளவு மணி நேர வேலைக்குக் காரணத்தைத் தேடி ஆராய்ச்சிக்கு எங்கேயும் போக வேண்டாம். ரத்த மாதிரியை லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவது, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு வரிசையில் நிற்பது, ஆள் இல்லாத நேரத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாமே படிப்பு. அந்த வேலைக்கெல்லாம் ஆள் போட்டால் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியம் என்று அரசுக்குச் செலவு. மாணவர் என்றால் ஸ்டைபண்டோடு முடிந்தது. அவர் கேள்வி கேட்டால் தேர்வு இருக்கிறது, தீசிஸ் இருக்கிறது.

ஆணையத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த விதியில் 'நியாயமான' என்ற சொல்லை அடித்துவிட்டு ஓர் எண்ணை எழுதுங்கள். மீறுகிற கல்லூரிக்கு என்ன தண்டனை என்று அடுத்த வரியில் எழுதுங்கள். கைவசம் பேனா இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள். அண்ணன் மகளின் கோட்டுப் பையில் நாலு இருக்கிறது. நாளை சாயங்காலம் அஞ்சரைக்கு வெளியே வருவாள்.