ஆளைக் கூப்பிடாமல் மெஷின் திருத்துவது எப்படி

முதலில் சாரத்தை மடித்துக் கட்டுங்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வோஷிங் மெஷினுக்குப் பின்னால் போகிறவர் அரை மனதோடு போகிறார். அரைமணி நேரத்தில் ஆளைக் கூப்பிட்டுவிடுவார். இந்த வழிகாட்டி அவருக்கு உதவாது. ‘வந்து பார்க்கிறதுக்கே நூறு டொலருக்கு மேல், பார்த்துவிட்டுப் புதிசு வாங்கச் சொல்லுவான்’ என்ற கொதிப்பில் சனிக்கிழமை இரவே முடிவெடுத்துவிட்ட சிட்னி டூங்கபிவாசிகளுக்காக எழுதப்படுவது இது.

நேரம் என்று பார்த்தால் ஞாயிறு காலைதான் உத்தமம். பிள்ளைகளின் பள்ளிச் சீருடை முழுக்க மெஷினுக்குள் ஊறிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் இறங்கக்கூடாது, கதவு திறக்கக்கூடாது. திங்கட்கிழமை நெருங்கினால்தான் கை ஓடும். 1791இல் கைதிகளைக் கொண்டுவந்து அரசாங்கப் பண்ணை போட்ட ஊர் இது. கட்டாய உழைப்பு இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

“இஞ்சேருங்கோ, ஒருத்தரைக் கூப்பிடுவமே?” என்று குசினியிலிருந்து ஒரு குரல் வரும். “உதென்ன பெரிய வேலையே?” என்பதுதான் சரியான பதில். இதைச் சொன்ன பிறகு பின்வாங்க முடியாது என்பதே இதன் சிறப்பு.

அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காமல் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போடுங்கள். இங்கே வருவது 230 வோல்ட். சில மெஷின்களில் மோட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற கப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது என்னவென்று தெரியாதவர் அதன் பக்கம் போகவே வேண்டாம். சுவருக்குள் ஓடுகிற வயர் உங்கள் வேலை இல்லை. நியூ சவுத் வேல்ஸில் அதைத் தொட லைசன்ஸ் வேண்டும். கொழும்பில் மச்சான் முழு வீட்டுக்கும் வயரிங் செய்தவர் என்பது இங்கே செல்லாது. வீடு பழைய ஃபைப்ரோ வீடாக இருந்தால் லாண்டரிச் சுவரில் துளை போடுகிற யோசனையையும் விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியா அஸ்பெஸ்டஸை முழுதாகத் தடைசெய்தது 2003 டிசம்பர் 31இல். அதற்கு முன் கட்டியவர்கள் சுவருக்குள் எதை வைத்தார்கள் என்பது துளைபோடும் கருவிக்குத் தெரியாது.

தண்ணீர்க் குழாய் இரண்டையும் பூட்டிவிட்டீர்களா? இப்போது ஆலோசகர்கள் வருவார்கள். நீங்கள் அழைக்கத் தேவையில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை செய்த ஓர் அண்ணை எல்லாத் தெருவிலும் உண்டு. மெஷினை அவர் பார்க்கக்கூட வேண்டியதில்லை. சத்தத்தை நீங்கள் வாயால் செய்து காட்டினால் போதும். “உது பெயரிங்தான் தம்பி” என்பார். தண்ணீர் இறங்காவிட்டாலும் பெயரிங், விளக்கு எரியாவிட்டாலும் பெயரிங். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது விஷயத்தை வாய்தவறிச் சொல்லிவிட்டால், முன்னால் நிற்பவர் பெல்ட் என்பார், பின்னால் நிற்பவர் போர்ட் என்பார். டொரொன்டோவில் இருக்கிற மச்சான் வீடியோ அழைப்பில் வந்து, தன்னுடைய மெஷினைத் திறந்து காட்டி, இதே வயரைத்தான் பிடுங்க வேண்டும் என்பார். அவர் வீட்டுப் பிளக்கில் வருவது 120 வோல்ட் என்பதை அந்த நேரத்தில் ஞாபகப்படுத்தி உறவைக் கெடுக்காதீர்கள். தலையை ஆட்டிவிட்டு வயரை விட்டுவிடுங்கள்.

முன்கதவு மெஷினென்றால் பெரும்பாலும் வலது பக்க மூலையில், நிலத்தோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள்தான் பம்பின் ஃபில்டர். இந்த மூடியை வடிவமைத்தவர் வாழ்நாளில் வாளியையே காணாதவராக இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த வாளியும் அதற்குக் கீழே போகாது. ஓவன் தட்டு போகும். கேக் அடிக்கிற நல்ல தட்டை எடுக்காதீர்கள். எடுத்தால், கழுவிவைத்து வாயைத் திறக்காதீர்கள். பழைய துவாய்கள் நாலைந்தைச் சுற்றிப் போட்டு, ஃபில்டரை இடப்பக்கமாக, மெல்ல, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். தண்ணீர் வரும். தட்டு நிரம்பினால் இறுக்குங்கள், ஊற்றுங்கள், மறுபடி திருப்புங்கள். சில மொடல்களில் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர்க் குழாயே வைத்திருப்பார்கள். அதன் தக்கையை எடுத்து வடியவிட்டால் துவாய்க்கு வேலை குறையும். வெந்நீரில் போட்டிருந்தால் ஆறும்வரை பொறுங்கள். பொறுமையிழந்து ஒரே திருப்பாகத் திருப்பியவர்களின் வீட்டில் தண்ணீர் வரவேற்பறைக் கார்ப்பெட்டைத் தொடும்போதுதான் குசினிக்குச் செய்தி போகும்.

வடிந்ததும் ஃபில்டரை வெளியே இழுங்கள். ஒரு குடும்பத்தின் சமீபகால வரலாறு முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். தலைமயிர்க் கற்றை, சட்டைப்பின், திருநீற்றுப் பொட்டலத்தின் நைந்த கடதாசி, பாதி கரைந்த அர்ச்சனைத் துண்டு, பிராவிலிருந்து கழன்ற கம்பி, ஐந்து சதக் குத்தி. ஐம்பது சதம் வராது. பன்னிரண்டு பக்கத்தோடு 31 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது அது, பெரும்பாலும் கதவின் ரப்பர் வளைய மடிப்பிலேயே தங்கிவிடும். அங்கே விரலை விட்டால் அதுவும், கொஞ்சம் கறுப்புப் பூஞ்சணமும் கிடைக்கும். கம்பியைக் கண்டதும் யாருடையது என்ற விசாரணையைத் தொடங்காதீர்கள். தொடங்கினால், சாரத்து மடிப்பில் வைத்த சில்லறையைத் தோய்க்கப் போட்டது யார் என்ற விசாரணையும் கூடவே தொடங்கும்.

ஃபில்டர் இருந்த குகைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சின்ன விசிறி ஒன்று தெரியும். விரலால் சுற்றினால் வழுக்கிச் சுற்றாமல், விட்டு விட்டு, நெருடி நெருடித் திரும்பும். பம்ப் போய்விட்டது என்று இந்த இடத்தில்தான் பலர் புதுப் பம்ப் வாங்குகிறார்கள். உள்ளே காந்தம் இருப்பதால் அது அப்படித்தான் திரும்பும். நன்றாக இருக்கிறது என்பதற்கே அது அடையாளம். அதில் நூல் சுற்றியிருந்தால் எடுத்துவிட்டு, ஃபில்டரைக் கழுவிப் பூட்டுங்கள்.

மெஷின் திருந்திவிட்டது. பெரும்பாலான வீடுகளில் பழுது என்பது இவ்வளவுதான். இன்னும் ஏதாவது குறையென்றால், நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கையில் அளவுக்கு மேல் கொட்டுகிற பவுடரைக் குறையுங்கள். முன்கதவு மெஷினில் நுரை கூடினால் பம்ப் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைத்தான் இழுக்கும்.

ஆனால் மணி இப்போது பத்தரைதான். ஆயுதங்கள் எல்லாம் வெளியே கிடக்கின்றன. பன்னிங்ஸில் சொசேஜ் வாங்கப் போன இடத்தில் சேர்ந்துபோன ஸ்பானர் செட் இன்னும் பிரிக்கப்படவில்லை. சீமெந்து ஆலை அண்ணை கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார், தேத்தண்ணியும் வந்துவிட்டது. ஒரு ஐந்து சதத்தைக் காட்டி அவரை அனுப்பிவைக்க முடியுமா? ஆகவே பின்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள்.

கழற்றுவதற்கு முன் வயர்களைப் படம் எடுங்கள். எடுத்தபின் போனைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். திருகாணிகளை வகை வகையாகப் பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டுவையுங்கள்; முடிவில் இரண்டு மிஞ்சும், அவற்றைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பின்பக்கம் துளைகளில் நீளமான போல்ட்டுகள் தெரிந்தால், வாங்கிய நாளிலிருந்து மெஷின் லாண்டரிக்குள் நடந்து திரிந்த காரணம் அதுதான். ஏற்றி இறக்கும்போது டிரம் ஆடாமலிருக்கக் கம்பெனி போட்டு அனுப்புகிற போல்ட்டுகள் அவை. கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வாடகை வீட்டுக்குப் போகும்போது தேவைப்படும். அண்ணையின் திருப்திக்காகப் பெயரிங்கையும் பரிசோதிக்கலாம். வெறும் டிரம்மின் உதட்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கடகடவென்று ஆடினால் அவர் சொன்னது சரி. சரியாக இருந்தால் அதைவிடப் பெரிய கெட்ட செய்தி வேறில்லை: இப்போது வருகிற பல மெஷின்களில் வெளித்தொட்டியை ஒட்டி மூடிவிடுகிறார்கள், பெயரிங்கை மட்டும் தனியே மாற்றவே முடியாது.

மேல்கதவு மெஷின் வைத்திருப்பவர்கள், அதிலும் நியூசிலாந்துக்காரரின் பழைய ஃபிஷர் அன்ட் பேக்கல் வைத்திருப்பவர்கள், பாக்கியசாலிகள். பழுது என்னவென்று அந்த மெஷினே சொல்லும். எண்ணாகச் சொல்லாது, எரிகிற விளக்கும் அணைந்த விளக்குமாகப் பைனரியில் சொல்லும். டூங்கபியில் ஐ.டி. வேலை செய்யாத வீட்டைத் தேட வேண்டும் என்றாலும், தகப்பன்மாருக்கு இது மறந்துபோயிருக்கும். கிரவீன் செலக்டிவ் பள்ளிக்கு டியூஷன் போகிற பிள்ளையைக் கூப்பிடுங்கள். பிள்ளை எண்ணைச் சொல்லும், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இணையம் சொல்லும், அண்ணை பெயரிங் என்பார்.

எதுவும் சரிவராவிட்டால் பிளாஸ்டிக் பையும் டேப்பும் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அந்த வைத்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2013 ஏப்ரலில் சாம்சுங் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் விற்ற ஆறு மேல்கதவு மொடல்களைத் திருப்பியழைத்தது, எல்லாமாக ஏறத்தாழ 144,000 மெஷின்கள். ஈரம் உள்ளே போய் மின் இணைப்பில் பட்டு, வீடுகளில் தீப்பிடித்தது. தோய்க்கிற மெஷின் எரிவதைவிட விநோதம், அதற்குச் செய்த திருத்தம். பல மெஷின்களில் அந்த இணைப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு டேப் ஒட்டிவிட்டுப் போனார்கள். நம் ஐயாமார் சைக்கிள் சீட்டிலிருந்து ரேடியோ ஏரியல் வரைக்கும் கையாண்ட முறைக்கு உலகப் பெரிய கம்பெனி ஒன்றின் அங்கீகாரம். அப்படித் திருத்திய மெஷின்களிலும் சில பிறகு எரிந்தன. எனவே டேப்பைக் கீழே வையுங்கள். யாரோ ஒருவர் ‘நல்ல மெஷின், சும்மா தாறன்’ என்று பழைய மேல்கதவு மெஷின் ஒன்றைத் தந்தால், மொடல் எண்ணை அரசாங்கத்தின் திருப்பியழைப்புப் பட்டியலில் தட்டிப் பார்த்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள்.

இனிச் சொல்லப்போவது, சாரம் கட்டுவதற்கும் முன்னால் செய்திருக்க வேண்டியது. எவரும் செய்வதில்லை என்பதால் கடைசியில் வைத்திருக்கிறேன். மெஷின் வாங்கி எவ்வளவு காலம்? மூன்று வருடமா? ‘வாரண்டி ரெண்டு வருஷத்தோட முடிஞ்சுது’ என்கிறீர்கள். 2011 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி, கொடுத்த விலைக்கு நியாயமான காலம் ஒரு பொருள் உழைக்க வேண்டும். கம்பெனி அட்டையில் எழுதிய வருடக் கணக்கோடு அந்த உரிமை முடிவதில்லை. விற்ற கடையே பொறுப்பேற்க வேண்டும், ‘கம்பெனியோடு கதையுங்கோ’ என்று தள்ளிவிட முடியாது. பழுது பெரியதென்றால் காசா, வேறு மெஷினா என்று கேட்பது நீங்கள். கடை மறுத்தால் ஃபெயார் டிரேடிங்கில் முறையிடலாம். ஆங்கிலத்தில் வாதாடத் தயக்கமென்றால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனிலேயே தருகிறார்கள். இத்தனையும் இருந்தும் நாம் போவதில்லை. கவுண்டரில் நிற்கிற இருபது வயதுப் பையனோடு கதைக்கக் கூசுகிறோம். 230 வோல்ட்டோடு கதைக்கக் கூச்சமே கிடையாது. கூடுதல் காசு கொடுத்து ‘நீடித்த வாரண்டி’ வாங்கிய ரசீது அலுமாரியில் நகைப்பெட்டிக்கு அடியில் கிடக்கும், மெஷினுக்கு அடியில் நாம் கிடப்போம்.

ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து வோஷிங் மெஷினின் முக்கிய உதிரிப்பாகங்கள் பத்து வருடத்துக்குக் கிடைக்க வேண்டும், சாதாரணக் கருவிகளால் மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று விதி. இங்கே அதே வருடம் உற்பத்தித்திறன் ஆணைக்குழு பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அறிக்கையைக் கொண்டு பின்தகட்டைக் கழற்ற முடியாது.

பின்னேரமாகியும் மெஷின் அசையவில்லை என்றால், சீருடைகளைக் குளிக்கிற தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து, 1945இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் செய்யத் தொடங்கிய சுற்றுக்கொடி கொல்லையில் நிற்கிறதென்றால் அதில் காயப்போடுங்கள். மெஷினை வீதியோரம் வைக்கக் கவுன்சிலுக்குப் போன் பண்ண வேண்டும். எந்தக் கவுன்சில் என்று முதலில் பாருங்கள். டூங்கபியை பிளாக்டவுன், கம்பர்லாந்து, பரமட்டா மூன்றும் பங்குபோட்டிருக்கின்றன. உங்கள் வீதியின் எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு நகரபிதாவாக இருக்கலாம். பிள்ளைகள் உள்ளே ஏறாதபடி கதவைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

லொறி வரும்வரை அது அங்கே நிற்காது. இருட்டியதும் ஒரு வான் வந்து நிற்கும், ஒருவர் இறங்கிப் பின்பக்கத்தைக் குனிந்து பார்ப்பார். “பம்ப் நல்லாயிருக்கோ அண்ணை?” என்று கேட்டால் “புதிசு மாதிரி” என்று சொல்லுங்கள், அது உண்மைதான். மிஞ்சிய இரண்டு திருகாணிகளையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.