கல் சுவர், கரி மிச்சம்

கேள்வி: இந்தக் காலத்தில் கல்லை அடுக்கியே பெரிய கட்டடம் எழுப்ப முடியுமா?

பதில்: எழுப்பியே ஆயிற்று! தென் பிரான்சின் வோவேர் ஊரில் 1998இல் கட்டடக் கலைஞர் ஜீல் பெரோதன் ஒரு மது ஆலை கட்டினார். அந்த வட்டாரச் சுண்ணாம்புக்கல்லை டன்கணக்கான பாளங்களாக வெட்டி, கிரேனால் தூக்கி அடுக்கினார். பாரம் தாங்குவதும் சுவரே, அழகும் அதுவே. அரை மீட்டர் பருமன் வெயிலைத் தடுப்பதால் உள்ளே மது குளுகுளுவென்று முதிர்கிறது.

சிமெண்டும் சுண்ணாம்புக்கல்லின் பிள்ளைதான். ஆனால் சூளையில் சுமார் 1,450 டிகிரி வரை சுட வேண்டும்; அப்போது கல்லுக்குள் அடைந்திருந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டின் கணக்கு. அறுத்த கல்லுக்குச் சூளையே வேண்டாம்.

குவாரி மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்டம் தாண்டி வரும் கல், மிச்சம் பிடித்ததை வழியிலேயே டீசலாகக் குடித்துவிடும்.